அறுபத்து மூன்று போதும்

தொழிற்சாலையில் அவருக்குக் கேள்விக்காரர் என்று பெயர். வைத்தது யார் என்று ஒருவருக்கும் நினைவில்லை, ஆனால் வைத்தவர் ஆளைச் சரியாக எடைபோட்டுத்தான் வைத்திருக்கிறார். ஜன்னல் சட்டமோ ஏணியோ கூரைத் தாங்கியோ, எதற்காக யார் போன் செய்தாலும் மனிதர் உடனே பதில் சொல்லிவிட மாட்டார். வெயிலில் நிற்குமா, தண்ணீர் படுமா, எவ்வளவு பாரம் தாங்கவேண்டும், வளைப்பீர்களா, பற்றவைப்பீர்களா, வெளியே தெரியுமா, சாயம் ஏற்றுவீர்களா என்று வரிசையாகக் கேட்டுத் தீர்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்வளவு குடைய மாட்டாங்க" என்பார் பிரஸ் ஃபோர்மேன்.

அங்கே அலுமினியக் கட்டைகளைச் சூடாக்கி, பிரஸ் என்ற இயந்திரத்தில் வைத்து, இரும்பு அச்சின் துளை வழியே அழுத்தித் தள்ளுவார்கள். பற்பசைக் குழாயை அமுக்கினால் வருவதுபோல் குழாயும் சட்டமும் நீளநீளமாக வெளியே வரும். எந்தப் பொருளுக்கு எந்தக் கலவை அலுமினியம் என்று சொல்வதுதான் கேள்விக்காரரின் வேலை. அந்தக் கலவையை அலாய் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. தொழிலில் இருப்பவர்கள் கடைசி இரண்டை மட்டும் சொல்வார்கள். அறுபத்து மூன்று சாது. சொன்ன வடிவத்துக்கு வரும், மேனி வழவழவென்று இருக்கும். அறுபத்தொன்று முரடு. பாரம் தாங்கும், ஆனால் பிரஸ்ஸில் போட்டால் முக்கி முனகித்தான் வெளியே வரும். இன்னும் எத்தனையோ இருக்கின்றன. நமக்கு இந்த இரண்டும் போதும்.

போன் செய்கிறவர்களுக்கு வேண்டியது அந்த எண் மட்டும்தான். கிடைத்ததும் "சரிங்க" என்று வைத்துவிடுவார்கள். ஏன் அந்த எண், ஏன் பக்கத்து எண் ஆகாது என்று இத்தனை வருஷத்தில் ஒரு ஆளும் கேட்டதில்லை. கேள்விக்காரரிடம் ஒருவரும் கேள்வி கேட்டதில்லை என்பது அவருக்கு உள்ளூர ஒரு மனக்குறைதான். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெண் கேட்டாள்.

"பஸ் சீட்டு மூலையில பிடிச்சுக்க ஒரு வளையம் இருக்குமில்ல சார், அதுக்கு" என்று ஆரம்பித்தாள் அவள். ரொம்ப வருஷம் வேறொருவர் பட்டறையில் குழாய் வளைத்தவள். இப்போது அண்ணியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, வாடகைக்கு ஒரு தகரக் கொட்டகையும் பழைய வளைக்கும் மெஷினும் பிடித்துச் சொந்தமாக உட்கார்ந்திருக்கிறாள். பஸ் கம்பெனி கொடுத்ததுதான் முதல் ஆர்டர். அது சரியாக வந்தால் பட்டறை நிற்கும். வராவிட்டால் மறுபடி பழைய முதலாளியிடமே போய் நிற்கவேண்டும். இதையெல்லாம் கேட்காமலே சொன்னாள்.

அறுபத்து மூன்று. அவள் பேசி முடிப்பதற்குள் அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். இருந்தாலும் பழக்கதோஷம், "தண்ணி படுமாம்மா?" என்றார்.

"மழைக்காலத்துல நனைஞ்ச கையோட பிடிப்பாங்களே சார். பட்டா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்று சொன்னார். "அப்படியா!" என்றாள். வெறும் அப்படியா இல்லை, நிஜமான அப்படியா. தொடர்ந்து, ஏன் சில குழாய் மேல் சாயம் திட்டுத்திட்டாக ஏறுகிறது, ஏன் சிலது வளைக்கும்போது மேலே ஆரஞ்சுத்தோல் மாதிரி சொரசொரப்பாகிறது என்று அவளுடைய இத்தனை வருஷச் சந்தேகங்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கேள்விக்காரர் சொல்லச் சொல்ல, அவருக்கே தன் குரல் புதிதாக இருந்தது. மேஜைமேல் வைத்த காப்பி ஆறி ஏடு படிந்துவிட்டது.

"சரி சார், இப்ப நான் எந்த அலாய் எடுக்கட்டும்?"

சொல்லவேண்டியது இரண்டே சொல். சொல்லிவிட்டால் "சரிங்க" என்று அவளும் வைத்துவிடுவாள்.

"யோசிச்சுச் சொல்றேம்மா. நாளைக்குக் கூப்பிடுங்க" என்றார். வாய் கூசாமல்தான் சொன்னார். யோசிக்க அதில் என்ன வைத்திருக்கிறது? பஸ் வளையத்துக்கு யோசிப்பவன் விமானத்துக்கு என்ன செய்வான்?

அவரைத் திட்டுவதற்கு முன்னால் அவருடைய வீட்டையும் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு அறை. ஒன்றில் கட்டில், இன்னொன்றில் சாப்பாட்டு மேஜை. மேஜையைச் சுற்றி நாலு நாற்காலி, அதில் ஒன்றில் மட்டும் இருக்கை தேய்ந்து பளபளக்கும். மனைவி, மகனுக்குக் குழந்தை பிறந்ததும் ஒத்தாசைக்கு என்று வேறு ஊருக்குப் போனாள். ரெண்டு மாசத்தில் வருகிறேன் என்றுதான் போனாள். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, பிரிந்துவிட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. யாரிடம் போய்க் குறைப்பட்டுக்கொள்ள முடியும்? சாயங்காலம் போன் வரும். "சாப்பிட்டாச்சா?" என்பாள். "ஆச்சு" என்பார். "வேறென்ன?" என்பாள். "வேறென்ன, ஒண்ணுமில்ல" என்பார். பின்னால் பேத்தி சிரிக்கிற சத்தம் கேட்கும். அதைக் கொஞ்சம் கேட்கலாமென்று காதை வைத்திருக்கும்போதே இணைப்பு போய்விடும். மனிதர் தனியாக இருந்தார், அதுதான் விஷயம். தனியாக இருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட அவருக்கு வெட்கம்.

ஆக, மறுநாள் அவள் கூப்பிட்டாள். "குழாய்ச் சுவர் எவ்வளவு தடிமன்?" என்று கேட்டு அதில் ஒரு நாளை ஓட்டினார். அடுத்த முறை, "பஸ் கம்பெனிகிட்ட எத்தனை வருஷ உத்தரவாதம் கேக்கறாங்கன்னு விசாரிங்க" என்று அனுப்பினார். விசாரித்து வந்தாள். நிறம் என்ன என்றார். கேட்டு வந்தாள். நடுநடுவே மற்ற பேச்சும் வந்து சேர்ந்தது. மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் அண்ணியும் அவளும் சைகையில்தான் பேசிக்கொள்வார்களாம். மெஷினுக்கு ஒரு முனகல் உண்டாம். அண்ணி அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறாளாம். கேள்விக்காரர் போனை வைத்தபிறகும் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜைக்காரர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒருநாள் சொன்னாள்: "குழாய் மேல நீளத்துக்கு ஒரு மெல்லிசான கோடு ஓடுமே சார்."

"அச்சுக் கோடும்மா. அச்சு உரசறதுல விழும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்."

"அதை நான் எப்பவும் வளைவோட உள்பக்கமா வச்சுத்தான் வளைப்பேன். பிடிக்கிறவங்க உள்ளங்கையில உறுத்தக்கூடாது பாருங்க. யாரும் கவனிக்கப் போறதில்ல, இருந்தாலும்."

"யாரும் கவனிக்காட்டி என்னம்மா" என்றார்.

பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் நூல் விட, மாதிரிக் குழாய் அனுப்பி வைக்கிறேன் என்று ஒரு யோசனை பிறந்தது. அதிலும் அறுபத்து மூன்றை அனுப்பினால் வளைத்துப் பார்த்துவிட்டுப் "பிரமாதம், இதுவே போதும்" என்று முடித்துவிடுவாள் அல்லவா? முரட்டு அறுபத்தொன்றில் ஒரு கட்டு அனுப்பினார். "ரெண்டு அலாயையும் ஒப்பிட்டுத்தான் முடிவு பண்ணணும். முதல்ல இது. நான் சொல்றப்ப வளைங்க" என்றார்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்லியாகவேண்டும். அச்சிலிருந்து வந்து ஆறிய குழாய் மெத்தென்றுதான் இருக்கும். அதை அடுப்பில் வைத்து மிதமான சூட்டில் பல மணி நேரம் விட்டால்தான் இறுகும். வளைக்கிறவர்களுக்கு அடுப்புக்குப் போகாத குழாயை அனுப்புவார்கள், வளைத்தபிறகு இறுக்கிக்கொள்ளலாம். ஆனால் அடுப்புக்குப் போகாவிட்டாலும் அது சும்மா இருக்காது. வெறுமனே மூலையில் சாத்தி வைத்தாலே தானாக மெல்ல மெல்ல இறுகும். அறுபத்தொன்றுக்கு இந்தக் குணம் அதிகம். அதனால் அப்படி ஒரு குழாயை அனுப்பும்போது, வந்த கையோடு வளைத்துவிடுங்கள் என்று சொல்வது எழுதாத சட்டம். வேறு யாருக்கென்றாலும் கேள்விக்காரர் அதை மறக்கவே மாட்டார்.

அவளுக்கும் சொல்ல நினைத்தார். குழாய் வந்து சேர்ந்தது என்று அவள் கூப்பிட்ட அன்று, மாமியார் மெஷினுக்குப் பல்சக்கரம் மாற்றிய கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். "வளைக்கட்டுமா சார்?" என்றாள் கடைசியில். வளைத்துவிட்டால் பாதிக் கதை முடிந்தது. "பஸ் கம்பெனியில மேல்பூச்சு என்னன்னு முடிவாகட்டும். அதுவரைக்கும் இருக்கட்டும்" என்றார். ரெண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று மனதைத் தட்டிக்கொடுத்தார். ரெண்டு நாள், ஒரு வாரமாகி, வாரங்களாயிற்று.

"பஸ்ஸுல பிடிச்சுக்கற வளையத்துக்கா இன்னும் யோசனை?" என்று ஃபோர்மேன் ஒருநாள் மடக்கினார். "என்கிட்ட கேட்டா அச்சு மாட்டறதுக்குள்ள சொல்லிடுவேனே. அறுபத்து மூணு."

"உமக்குத் தெரியாது. அதுல சில நுணுக்கம் இருக்கு" என்றார் கேள்விக்காரர்.

ஃபோர்மேன் அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். "என்ன நுணுக்கமோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன் ஒரு வாரம் வரவில்லை. முதல் நாள் வேலையாயிருப்பாள் என்று நினைத்தார். அப்புறம் ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் கை முந்திக்கொண்டு போனது. எடுத்தால் யாரோ ஏணிக்காரர். அவருக்கு எண்ணைச் சொல்லி, கேள்வியே கேட்காமல் அனுப்பினார்.

அவள் கூப்பிட்டபோது குரலே வேறாக இருந்தது. பின்னால் மெஷின் முனகல் இல்லை.

"சார், உங்ககிட்ட சொல்லிடணும்னு கூப்பிட்டேன். ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

"என்னம்மா ஆச்சு?"

"பஸ் கம்பெனிக்காரங்க நேர்ல வந்துட்டாங்க சார், ஒண்ணு வளைச்சுக் காட்டுன்னு. நீங்க அனுப்பின குழாயத்தான் எடுத்தேன். வளைவுக்கு வெளிப்பக்கம் பிளந்துக்கிச்சு. அவங்க முன்னாலயே. இன்னொண்ணு எடுத்தேன், அதுவும். கட்டு முழுக்க அப்படித்தான்."

"அது வந்தும்மா, அந்த அலாய் கொஞ்சம்..."

"அலாய் மேல தப்பு இல்ல சார்" என்றாள் அவள். "நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல. குழாய் வந்த அன்னிக்கே ஆசை தாங்காம ஒண்ணை வளைச்சுப் பார்த்துட்டேன். வெண்ணெய் மாதிரி வந்துச்சு. இங்கதான் ஆணியில தொங்குது. அதே கட்டு, அதே மெஷின், அதே வளைப்பு அச்சு. மாறினது என் கை ஒண்ணுதான். பயம் வந்து கை போயிடுச்சு போல. இத்தனை வருஷம் இன்னொருத்தர் பட்டறையில வளைச்சப்ப வராத பயம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணிதான் பாவம். இருந்ததையெல்லாம் என்னை நம்பிப் போட்டாங்க. நான் பழைய இடத்துக்கே போயிடறேன்னு சொல்லியனுப்பிட்டேன். மெஷினைப் பார்க்க நாளைக்கு ஒரு ஆள் வர்றார்."

அவளைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. அலாய் மோசம், கட்டை மோசம், அச்சு மோசம் என்று எதைச் சொன்னாலும் ஆணியில் தொங்குகிற அந்த ஒரு வளையம் அதைப் பொய்யாக்கிவிடும். அவள் தன் கையைத்தான் சந்தேகப்படுவாள். உயிர் உள்ளவரைக்கும் சந்தேகப்படுவாள். உண்மையைச் சொன்னால் அவள் கை பிழைக்கும். ஆனால் அப்புறம் இந்தக் குரல் அவருக்கு இல்லை. அவர் யோசித்தார். இந்த முறை நிஜமாகவே யோசித்தார், அதுவும் வெட்கக்கேடுதான், யோசிக்காமல் சொல்லியிருக்கவேண்டும்.

"உங்க கைக்கு ஒண்ணும் ஆகலம்மா" என்றார். "அந்தக் குழாய் சும்மா வச்சிருந்தாலே இறுகிடும். வந்த அன்னிக்கு வளைச்சா வளையும். வாரக்கணக்கா விட்டா பிளக்கும். யார் வளைச்சாலும் பிளக்கும். நானே வந்து வளைச்சாலும்."

"நெசமாவா சார்?"

"சத்தியமா."

"கை இல்லையா?" அவள் குரல் உடைந்துவிட்டது. "அண்ணி, கை இல்லையாம்! குழாய்தானாம்!" என்று அந்தப் பக்கமாகத் திரும்பிக் கத்தினாள். யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. கேள்விக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவள் கேள்வி கேட்கத் தெரிந்தவள் ஆயிற்றே.

"சார், இது உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"இல்ல. முன்னாலயே தெரியும்."

"அப்புறம் ஏன் சார் வளைக்காதீங்க, இருக்கட்டும்னீங்க?"

பக்கத்து மேஜைக்காரர் கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டார். "உங்களுக்கு வேண்டியது அறுபத்து மூணும்மா. முதல் நாளே தெரியும். சொல்லிட்டா அப்புறம் கூப்பிட மாட்டீங்களேன்னு... என்கிட்ட யாரும் பேசறதில்லம்மா. அதான். வேற எந்தக் கெட்ட எண்ணமும் இல்ல."

"என்னவாம்?" என்று அண்ணி கேட்டது காதில் விழுந்தது.

"நீங்க இவ்வளவு யோசிக்கிறீங்களேன்னுதான் சார் நான் காத்திருந்தேன்" என்றாள் அவள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "இன்னொரு கம்பெனியில கேட்டப்ப உடனே அறுபத்து மூணுன்னாங்க. அவங்களுக்கு அக்கறை இல்ல, இந்த சார்தான் பார்த்துப் பார்த்துச் சொல்றவர்னு அண்ணிகிட்ட சண்டையே போட்டேன்."

"தப்புதாம்மா."

"சும்மா பேசணும்னு சொல்லியிருந்தா சும்மாவே கூப்பிட்டிருப்பேனே சார். நானும் அண்ணியும் நாள் பூரா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துட்டுத்தானே இங்க உட்கார்ந்திருக்கோம். நாங்க மட்டும் என்ன கூட்டத்துலயா இருக்கோம்?" மூக்கை உறிஞ்சினாள். "இனிமே எப்படி சார் கூப்பிடறது?"

"குழாய் இன்னிக்கே வண்டி ஏறும்மா" என்றார்.

"அறுபத்து மூணு. சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

கேள்விக்காரர் எழுந்து நேராக பிரஸ்ஸுக்குப் போனார். ஃபோர்மேனிடம் விஷயத்தைச் சொன்னார், தன் பங்கையும் விடாமல். "அறுபத்து மூணு போடுங்க. எல்லாத்துக்கும் முன்னால இதைப் போடுங்க. என் கணக்குல போனாலும் சரி." ஃபோர்மேன் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்து மாட்டவிருந்த அச்சைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னார். அன்றே குழாய் வந்து, ஆறி, வண்டி ஏறியது. பஸ் கம்பெனிக்காரரையும் கேள்விக்காரரே கூப்பிட்டு, பிளந்தது எங்கள் தவறு, வளைத்தவர் தவறு இல்லை, இன்னொரு தடவை பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை; மெஷினும் விலை போகவில்லை. அதற்குப்பின் அந்தப் பட்டறையிலிருந்து வந்த போனெல்லாம் விற்பனைப் பிரிவுக்குப் போயிற்று. எத்தனை குழாய், எப்போது வண்டி என்பதற்குக் கேள்விக்காரர் எதற்கு?

அன்று சாயங்காலம் மனைவி, "சாப்பிட்டாச்சா?" என்றாள்.

"இல்ல. நீ எப்ப வருவே?" என்றார்.

"என்ன திடீர்னு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன. இங்க நான் தனியா இருக்கேன்."

"பாப்பாவுக்குப் பரீட்சை வருதே" என்றாள். கொஞ்சம் கழித்து, "பார்க்கலாம்" என்றாள். யோசிச்சுச் சொல்றேன் என்று எத்தனை பேச்சை அவர் இழுத்திருக்கிறார்? இந்தப் பார்க்கலாமின் அர்த்தம் அவருக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் கேட்டுவிட்டார், அதுவரைக்கும் சரி.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலை வேலைக்குப் போக பஸ் ஏறியவர், சீட்டுகளுக்கு நடுவே ஓர் அடி வைத்ததும் நின்றுவிட்டார். சீட்டு மூலைகளில் பழைய கறுப்புப் பிளாஸ்டிக் பிடிகளைக் காணவில்லை. வெள்ளி நிறத்தில் புது வளையங்கள், வரிசையாக, கடைசிவரை. பக்கத்தில் இருந்ததை எட்டிப் பிடித்தார். நனைந்த கைக்கு வழுக்காமல் அடக்கமாக இருந்தது. வெளிப்பக்கம் வழவழவென்று, ஒரு சுருக்கம் இல்லை, கீறல் இல்லை. விரல்களை மடக்கி உள்பக்கத்தைத் தடவினார். இருந்தது. மெல்லிசாக, நீளத்துக்கு, யாரும் கவனிக்காத அந்தக் கோடு.

அடுத்ததையும் தொட்டுப் பார்த்தார். அதிலும் உள்பக்கம்தான்.

பஸ்ஸில் கூட்டமே இல்லை. மடியில் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் அவர் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க நின்னுட்டு வர்றீங்க? இவ்வளவு சீட்டு காலியா இருக்கே, உட்காருங்களேன்" என்றாள்.

"இல்லம்மா, பரவாயில்ல" என்றார் கேள்விக்காரர். இறங்கும் இடம் வரைக்கும் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.